சேந்தன்துறையின் ஆளில்லாத தெருக்கள்

தீபாவளி முடிந்த மறுவாரம் ஜெபராணி லீவு கேட்பாள். ஆண்டு முழுவதும் அவள் கேட்கிற லீவு அது ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்குக் கேட்டதில்லை. விருதுநகரில் வாத்தியாராக இருந்த அண்ணன் யோபுவின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோதுகூடக் காலையில் போய் மாலையில் திரும்பிவிட்டாள். ஆனால் கார்த்திகை மழை பிடிக்கும் நேரத்தில், ஒரு துணிப்பையில் இரண்டு சேலையும் கையில் குடையுமாக அவள் கிளம்பிவிடுவாள் என்பது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். எங்கே போகிறாள் என்பதைத்தான் ஆளுக்கொரு மாதிரி சொல்லிக்கொண்டார்கள். முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகாத நர்ஸ் தனியாகக் கடற்கரைக்குப் போனால் சொல்வதற்கு என்ன பஞ்சம்.

சிவகாசிப் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனிகளுக்கு எது சீசனோ, அதுதான் அவள் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்கும் சீசன். ஆடி பிறந்ததும் ஆர்டர் நெருக்கும். வெயிலில் காயப்போட்ட வெடிகளை அள்ளுகிற கைகளும் மருந்து அடைக்கிற கைகளும் வேகம் பிடிக்கும். எங்கோ ஓர் அறையில் ஏதோ ஒன்று உரசும். கொஞ்ச நேரத்தில் மாட்டுவண்டியிலோ முதலாளியின் காரிலோ ஆட்களைக் கொண்டுவந்து வராந்தாவில் கிடத்துவார்கள். துணி பட்டால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்று வாழையிலையை விரித்து அதன்மேல் படுக்கவைப்பார்கள். உடம்பின் மேல் கம்பிக் கூண்டு, கூண்டின் மேல் போர்வை. வாடிய இலையும் வெந்த தோலும் கலந்த அந்த வாடை ஜெபராணியின் தலைமுடிக்குள் இறங்கிவிட்டிருந்தது. எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது.

அந்த வாடையிலிருந்து தப்பிக்கத்தான் அவள் போனாள். வேறு காரணம் இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் அண்ணன் வீட்டில் தங்குவாள். மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிய கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருந்த வீடு. ஓயாமல் யாராவது தும்மிக்கொண்டே இருப்பார்கள்.

"இந்த மழையில கடக்கரையில என்ன வச்சிருக்கு ஜெபம்?" என்று யோபு ஒவ்வொரு வருஷமும் கேட்பார். "திருவிழாச் சமயத்துல போனாலாவது நாலு சனத்தைப் பாக்கலாம்."

"சனத்தைப் பாக்கத்தான் வருஷம் பூரா இருக்கேண்ணே."

விருதுநகர் ஜங்ஷனில் ரயிலேறித் தூத்துக்குடியில் இறங்குவாள். அங்கிருந்து எந்த பஸ் நிற்கிறதோ அதில் ஏறுவாள். வேம்பார், காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம், மணப்பாடு. ஒரு காலத்தில் கப்பல் வந்த ஊர்கள். மழைக்காலத்தில் அங்கே வெளியூர்க்காரர்கள் யாரும் வருவதில்லை. படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்திருப்பார்கள். கடல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். தெருத் தெருவாக நடப்பாள்; யாரோடும் பேச மாட்டாள்; டீக்கடையில் ஒரு டீயும் பன்னும் வாங்கித் தின்றுவிட்டு மறுபடி நடப்பாள். காரை உதிர்ந்த சுவர்களைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. உரிந்த இடத்தில் அவற்றுக்கு வலி கிடையாது.

இந்த ஊர்களிலெல்லாம் அவளுக்கு அதிகம் பிடித்தது சேந்தன்துறை. பஸ் ஊருக்குள் போகாது. உப்பளத்து முக்கில் இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து மணலில் நடக்க வேண்டும். மாதா கோவிலைச் சுற்றி மூன்று தெருக்கள். மூன்றிலும் கொழும்பு வியாபாரிகளின் மாடி வீடுகள். சொந்தக்காரர்கள் எல்லோரும் அக்கரையில் இருந்தார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. கதவுகளின் பித்தளைக் குமிழ்களில் பச்சை பூத்திருந்தது. கடல்மணல் தெருவில் ஏறி வாசற்படிகளில் பாதியை மூடியிருந்தது. கோவில் முற்றத்தில் ஆடுகள் நனையாமல் ஒதுங்கி நிற்கும். கோவிலை ஒட்டி யாத்திரைக்காரர்களுக்கென்று கட்டிய அறைகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. உபதேசியார் கஸ்பார் அதில் ஒன்றின் சாவியைக் கொடுப்பார். அவள் வேதக்காரிதான், ஆனால் வேறு சபை என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

ஐம்பத்து மூன்றிலிருந்து நான்கு வருஷம் தொடர்ந்து இப்படிப் போய்வந்தாள். அது தன்னோடு முடிகிற விஷயம் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஐம்பத்தேழு புரட்டாசியில் பஞ்சம்மாளைக் கொண்டுவந்தார்கள். நாரணாபுரத்துக்காரி. புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் அவள் ஒருத்திதான் உயிரோடு வந்தாள். முகம், கழுத்து, இரண்டு கைகள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். விடிவதற்குள் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஜெபராணிக்கு என்ன தோன்றியதோ, அவளை விடவில்லை. கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊட்டினாள். ஊசி போட்டாள். ஈ அண்டாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஐப்பசி பிறந்தபோது பஞ்சம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்த வருஷம் மட்டும் ஜெபராணி கடற்கரைக்குப் போகவில்லை.

கட்டுப் பிரிப்பதுதான் பெரிய வதை. உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து, ஒட்டியிருக்கும் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்க வேண்டும். பஞ்சம்மாளுக்கு அலறக்கூட வாய் திறக்காது. கவனத்தைத் திருப்ப வேண்டுமென்று ஜெபராணி பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தாள். வீட்டுக் கதை சொல்ல அவளிடம் வீடு இல்லை. அதனால் சேந்தன்துறையைச் சொன்னாள். உப்பளத்து முக்கிலிருந்து தொடங்கி, முதல் தெரு, இரண்டாம் தெரு, கோவில் முற்றம், கவிழ்த்துப்போட்ட படகுகள் என்று நிதானமாக நடத்திக் கூட்டிப்போவாள். கடலைப் பார்த்தேயிராத பஞ்சம்மாள் கூடவே நடந்தாள். சில நாள் கழித்து மருந்துத் தட்டைப் பார்த்ததுமே அவளே கேட்க ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு எந்தத் தெருக்கா?"

நர்சம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் எப்போது அக்காவுக்கு மாறினாள் என்று இருவருக்குமே நினைவில்லை.

"அங்கன ஆளே இருக்க மாட்டாகளாக்கா?"

"ஆளே கிடையாது. ஒரு தெரு பூரா நடந்தாலும் ஒருத்தரும் நம்மளப் பாக்க மாட்டாக."

பஞ்சம்மாள் அதை யோசித்துக்கொண்டு கிடந்தாள்.

அவள் புருஷன் பெத்தணன் மார்கழியில் ஒரு நாள் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று வயதுப் பிள்ளை. கூண்டை எடுத்ததும் பிள்ளை அப்பனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டது. எவ்வளவு சமாதானம் சொல்லியும் திரும்பிப் பார்க்கவில்லை. பெத்தணன் வராந்தாவுக்கு வந்து நின்றான். முரடன் இல்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னான்.

"இவ பொழைப்பான்னு யாரும் எங்கிட்டச் சொல்லலையே நர்சம்மா."

அவனுக்கு அதற்குள் அத்தை மகளைப் பேசி முடித்திருந்தார்கள்.

சித்திரையில் பஞ்சம்மாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இடது கண்ணின் கீழிமை இழுபட்டு உள்சிவப்பு தெரிந்தது. உதடு ஒரு பக்கம் கழுத்தோடு சேர்ந்திருந்தது. வலது கையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுகிப்போயிருந்தன. வார்டில் கண்ணாடி கிடையாது. கஞ்சி வாளியின் மூடியில் அவள் தன்னைப் பார்த்துக்கொண்டாள் என்று ஆயா சொன்னாள். போகும்போது முக்காட்டை இழுத்துவிட்டு, "வாறேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து நாரணாபுரத்திலிருந்து கைக்காயத்தோடு வந்த ஒருத்தி, பஞ்சம்மாளைக் காணவில்லை என்றாள். ஊர்க் கிணறுகளில் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவினார்களாம். ஒன்றும் அகப்படவில்லை. வேறு ஏதாவது கிணறாக இருக்கும் என்று விட்டுவிட்டார்களாம். ஜெபராணி அந்தக் கைக்காயத்தைக் கட்டி முடித்துவிட்டு, பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டியருகே வெகுநேரம் நின்றாள்.

அந்தக் கார்த்திகையில் சேந்தன்துறையின் இரண்டாம் தெருவில் அவள் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வீட்டு வாசலில் ஒரு பொம்பளை ஈர மணலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டும் அவள் முக்காடு போடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டீகளாக்கா? இந்த மாசம் வருவீகன்னு தெரியும்" என்றாள் பஞ்சம்மாள்.

ஜெபராணி நின்றுவிட்டாள். "நீ செத்துட்டேன்னுல்ல நெனச்சேன்."

"நாரணாபுரத்துல செத்துட்டேன்தான்."

கேட்டுக் கேட்டு நடந்தும், வண்டிகளில் தொற்றியும் வந்திருக்கிறாள். சிவகாசி நர்சம்மா சொல்லி வந்தேன் என்றதும் உபதேசியார் மறுபேச்சுப் பேசாமல், வீட்டுக்காரர்கள் தன்னிடம் விட்டுப்போன சாவிகளில் மூன்று வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறார். மணல் தள்ளுவது, ஒட்டடை அடிப்பது, சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவது. ஒரு வீட்டின் பின்கட்டில் தங்கிக்கொள்ளலாம்.

"நீங்க சொன்னதுல ஒண்ணும் குறையலக்கா. அம்புட்டும் அப்படியே இருக்கு."

அந்த வருஷம் இருவருமாக நடந்தார்கள். பஞ்சம்மாள் முகத்தில் மழை விழுந்தது, அவள் துடைக்கவில்லை. குளுமையாக இருக்கிறது என்றாள். கவிழ்த்த படகில் உட்கார்ந்து அவித்த பனங்கிழங்கு தின்றார்கள். தன் கையில் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் உண்மையாகவே பிழைத்தது இவள்தான் என்று ஜெபராணிக்குப் பட்டது. அப்படி ஒரு நிறைவை அவள் அதற்குமுன் அனுபவித்ததில்லை.

கிளம்புகிற அன்று பஞ்சம்மாள் கேட்டாள்.

"ஆவணியில இங்கன வந்திருக்கீகளாக்கா? மாதா திருவிழாவுக்கு?"

"ஆவணியில எனக்கு வார்டுல தலைக்கு மேல வேலை. உனக்குத் தெரியாததா."

"ஆமா. தெரியும்" என்றாள் பஞ்சம்மாள்.  ஜெபராணி மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுவருஷம் போனபோது பஞ்சம்மாள் பாதியாகியிருந்தாள். வாசலில் இல்லை, பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூட முக்காடோடு போனாள். ஒரு நாள் முழுவதும் கேட்டுக் கேட்டுத்தான் ஜெபராணி விஷயத்தை வாங்கினாள்.

ஆவணியில் கொடியேறும்போது அந்த ஊர் வேறு ஊர். கொழும்பிலிருந்து வீட்டுக்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். பூட்டிய கதவெல்லாம் திறக்கும். சுற்று வட்டாரத்திலிருந்து யாத்திரைக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பஞ்சம்மாள் தங்கியிருந்த வீட்டில் மருமகள் பிள்ளையாண்டிருந்தாள். பஞ்சம்மாள் அவள் கண்ணில் படக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை, நல்லபடியாகத்தான் சொன்னாள். வீட்டு வளவின் கோடியில், பழைய வலையும் துடுப்பும் போட்டிருந்த அறையில் பஞ்சம்மாளை இருக்கச் சொன்னார்கள். திருவிழா முடிகிறவரை அதற்குள்ளேயே இருந்தாள். சோறு கதவடியில் வரும். முதல் வருஷமும் இதே கதைதான். அப்போது சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

"அதெல்லாம் இருந்துக்கிருவேன்க்கா. கடைசி நாளு வாணவேடிக்கை போடுறாக. இந்த வருஷம் பெட்டியெல்லாம் நான் இருந்த ரூமுக்குள்ளயே கொண்டாந்து அடுக்குனாக. மேல நம்மூருக் கம்பெனி படம் ஒட்டியிருந்துச்சு. மூணு நாளு அதுக்குப் பக்கத்துலயே படுத்துக் கெடந்தேன்." சேலைத் தலைப்பை ஒட்டிய விரல்களால் முறுக்கிக்கொண்டே இருந்தாள். "பொறவு கடக்கரையில கொண்டுபோய் வெடிச்சாக. துணிய வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். எங்கிட்டு எரியுதுன்னு தெரியல. நாந்தான் எரியுறேன்னு நெனச்சேன்."

ஜெபராணி இந்த ஊருக்கு எத்தனை வருஷமாக வந்துகொண்டிருக்கிறாள். இந்தச் சுவர்களை, இந்தக் கதவுகளை அவளுக்குத் தெரியும். அவற்றுக்குள்ளிருந்து மனிதர்கள் வெளியே வரக்கூடும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வந்துரு பஞ்சு. ஆயா வேலை வாங்கித் தாறேன்."

"அந்த வாடைக்குள்ளயா?"

 ஜெபராணி கடைசியில் சொன்னாள், "சரி. வர்ற ஆவணிக்கு நான் இங்கன வந்துர்றேன். திருவிழா முடியுற வரைக்கும் கோவில் ரூமுல எங்கூட இரு. கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் இருப்போம்."

பஞ்சம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

அறுபதாம் வருஷம் ஆவணியில் லீவு வாங்க ஜெபராணி படாத பாடு பட்டாள். சீசன் நேரத்தில் தீக்காய வார்டு நர்ஸ் லீவு கேட்டால் யார் கொடுப்பார்கள். பத்து வருஷத்தில் சீசனில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று சொல்லி வாங்கினாள். கொடியேற்றத்துக்கு முதல் நாள் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது, வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. திருத்தங்கல் பாதையில் ஒரு கம்பெனியில் தீப்பிடித்துக்கொண்டது என்றார்கள். லாரியிலிருந்து முதலில் இறக்கியது ஒரு பெண்ணை. இறக்கியவனின் கையோடு அவள் தோல் வந்துவிட்டது.

போகாதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஜெபராணிதான் பையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வாழையிலை வெட்டிவர ஆள் அனுப்பினாள். நாளைக்குப் போய்விடலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். வந்தவர்களில் பாதிப் பேர் இறந்து, மீதிப் பேருக்கு இனி பயமில்லை என்று தெரிந்தபோது திருவிழாவின் கடைசி நாளும் கடந்துவிட்டிருந்தது.

உப்பளத்து முக்கில் அவள் இறங்கியபோது தோரணங்கள் கிழிந்து தொங்கின. மணலில் வெடித்த காகிதம் கிடந்தது. உபதேசியார் கஸ்பார் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"இப்பத்தான் வாறியளாம்மா?"

பஞ்சம்மாள் அந்த வருஷம் பின்னறைக்குள் போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அக்கா வர்றாக, அவுகளோட கோவில் ரூமுல இருப்பேன் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். கொடியேறிய நாளிலிருந்து முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உப்பளத்து முக்கில் நின்றிருக்கிறாள். பஸ் வரும்போதெல்லாம் முன்னால் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். சப்பரம் புறப்படுகிற அன்று, பாதையில் உட்கார்ந்திருந்த பிச்சைக்காரர்களையும் வியாதிக்காரர்களையும் அப்புறப்படுத்தத் திருவிழாக் கமிட்டிப் பையன்கள் மாட்டுவண்டி கொண்டுவந்தார்கள். எல்லாம் வெளியூர்ப் பையன்கள். அவள் கையைப் பார்த்தார்கள். முக்காட்டை விலக்கிப் பார்த்தார்கள். குஷ்டம் என்று முடிவு கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு அந்த வியாதி இல்லை என்று அவள் கத்தினாளாம். வண்டியில் ஏறுகிற எல்லோருமே அப்படித்தானே சொல்வார்கள்.

"நான் கோவிலுக்குள்ள நின்னேம்மா. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பனா" என்றார் கஸ்பார். அவர் அழுதார்.

உப்பளம் தாண்டிப் பனங்காட்டில் இறக்கிவிட்டு, திருவிழா முடிந்தபின் வாருங்கள் என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் அப்படியே திரும்பி வந்தார்கள். பஞ்சம்மாள் வரவில்லை.

அதன்பிறகு ஜெபராணி கிடைத்த ஒரு நாள் இரண்டு நாள் லீவிலெல்லாம் கடற்கரைக்குப் போனாள். அதே ஊர்கள்தான். ஆனால் இப்போது ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியிருந்தது. முகம் வெந்த பொம்பளை ஒருத்தியைப் பார்த்தீர்களா என்று டீக்கடையில், கோவிலில், பள்ளிவாசல் தெருவில், வலை பின்னுகிறவர்களிடம் கேட்டாள். ஆளில்லாத தெருக்கள் என்று அவள் நினைத்திருந்த இடங்களில் எவ்வளவோ பேர் இருந்தார்கள். கதவிடுக்கில் கிழவிகள் இருந்தார்கள். திண்ணைக்குப் பின்னால் இருமுகிற ஆண்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர், "நீங்க மழைக்கு வருவியளே, குடையோட" என்று அவளை அடையாளம் சொன்னார்கள். இத்தனை வருஷமும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

தை மாதம், தேரிக்காட்டுக்குள் இருந்த ஒரு தொழுநோய் விடுதியில் பஞ்சம்மாள் அகப்பட்டாள். செம்மண் மேட்டுக்கு நடுவே ஓலைக் கொட்டகைகள், ஒரு கிணறு, ஒரு சமையற்கட்டு. அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையில் முக்காடு இல்லை. உடம்பு தேறியிருந்தது.

ஜெபராணி அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். 

"நான் வரல பஞ்சு."

"அன்னைக்கு லாரி லாரியா வந்திருக்கும்லக்கா. இங்கன பேப்பர்ல படிச்சுச் சொன்னாக." பஞ்சம்மாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். ஆனா நான் நின்னேன்."

வண்டியில் கூட வந்த வியாதிக்காரர்களிடம் வழி கேட்டு, பனங்காட்டிலிருந்து நடந்தே இங்கே வந்திருக்கிறாள். விரல் இல்லாத ஒருவர் வந்து மணிக்கட்டில் வாளியைக் கோத்துத் தண்ணீர் கொண்டுபோனார். பஞ்சம்மாளைப் பார்த்து ஏதோ கேலியாகச் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள்.

"உனக்கு இந்த வியாதி இல்லைன்னு இங்கன யாருக்கும் தெரியாதா?"

"டாக்டரய்யாவுக்குத் தெரியும். போகச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு."

"ஒட்டிக்கிட்டா என்ன செய்வ?"

"இங்கன யாரும் யாரு மூஞ்சியையும் பாத்துப் பயப்படுறதில்லக்கா." அவள் உருவிய காம்புகளை ஒதுக்கினாள். "ஒட்டுனா ஒட்டட்டும்."

விடுதி டாக்டர் வயதானவர், நல்லவர். நோய் இல்லாத ஒருத்தியை இங்கே வைத்திருப்பது பாவம் அம்மா, நீங்கள் நர்ஸ், உங்களுக்குத் தெரியாதா என்றார். தெரியும் என்றாள் ஜெபராணி. வெளியே அனுப்பினால் எங்கே போவாள் என்று கேட்டாள். டாக்டருக்கும் தெரியவில்லை. சமையற்கட்டு ஆளாகக் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்றார். வருஷா வருஷம் அந்தப் பேச்சு எழும்பும். வருஷா வருஷம் ஜெபராணி போய்க் கெஞ்சுவாள்.

அறுபத்திரண்டு ஆவணியில், பிரசவ வார்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டபின், அவள் ஒரு தடவை திருவிழாவுக்குப் போனாள். பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. உப்பளத்து முக்கிலேயே வழி தெரியவில்லை. வளையல் கடை, ராட்டினம், ஒலிபெருக்கி. இரண்டாம் தெருவில் எல்லாக் கதவும் திறந்து கிடந்தது; உள்ளே பட்டுச் சேலைகளும் குழந்தைகளும் பலகார வாசமும். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். யாரும் கெட்டவர்களாகத் தெரியவில்லை. பஞ்சம்மாள் நின்ற இடம் எது என்று தேடினாள். அங்கே ஒருவன் கரும்பு விற்றுக்கொண்டிருந்தான். சனம் அவளை இடித்துக்கொண்டு போயிற்று. வாணவேடிக்கை வரை இருக்க முடியாமல் கடைசிக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்தாள். பிறகு அந்த ஊருக்கு அவள் போகவில்லை. மழைக்கால லீவை விடுதியில் கழித்தாள். பிரசவ வலியில் கிடக்கிறவர்கள் ஏதாவது பேசுங்க நர்சம்மா என்றால், உங்க ஊர் எது, வீட்டில் யார் யார் என்று அவர்களைப் பேசவைப்பாள். தான் பார்த்த எந்த ஊரைப் பற்றியும் யாரிடமும் சொல்வதில்லை.

அறுபத்தாறு கார்த்திகையில் பஞ்சம்மாள் அவளைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய் இடது கையை நீட்டினாள். முழங்கைக்கு மேலே, தீ படாத நல்ல தோலில், ரூபாய் அகலத்தில் வெளிறிய திட்டு.

ஜெபராணி சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"அங்கிட்டுப் பாரு."

பஞ்சம்மாள் பனைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெபராணி ஊக்கு முனையைத் திட்டின் நடுவில் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். சொட்டு ரத்தம் வந்தது.

"குத்துனீகளாக்கா?"

ஜெபராணி ஊக்கை மறுபடி சேலையில் மாட்டினாள். 

பஞ்சம்மாள் திரும்பி ரத்தத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் எது சிரிப்பு, எது வடு என்று சொல்வது கஷ்டம். ஒன்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்த்த ஜெபராணிக்குத்தான் அது தெரியும்.

"இனிமே என்னைய வெளிய போன்னு யாரும் சொல்ல முடியாதுல்லக்கா."

ஜெபராணி அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டீர்கள், நல்லது என்றார் அவர். இப்போது மாத்திரை வந்துவிட்டது, விடாமல் சாப்பிட்டால் சில வருஷத்தில் முழுக்கக் குணமாகிவிடும், அப்புறம் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று உற்சாகமாகச் சொன்னார். பஞ்சம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மாத்திரைப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். உலை கொதிக்கிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த கார்த்திகையில் போனபோது திட்டு தோள்பட்டைக்கு ஏறியிருந்தது. சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியிருந்தது.

"மாத்திரை சாப்பிடுறியா பஞ்சு?"

"சாப்பிடுறேன்க்கா."

ஜெபராணி இருபது வருஷம் நர்சாக இருந்தவள். அவள் அந்தத் தோளைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். பஞ்சம்மாள் சோற்றை வடித்துவிட்டு, முதல் தட்டை அவளுக்குப் போட்டு முன்னால் வைத்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. ஜெபராணி தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.